பணம் கட்டுவது யார்? மலையகத்திலிருந்து வெளிநாட்டுப் பட்டப்படிப்புக்குப் போக நினைப்பவர்களுக்கு

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஹற்றன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு தகப்பனும் மகனும் என் வீட்டுக்கு வந்தார்கள். வெளியே விடாத மழை. தகப்பன் சட்டைக்குள்ளிருந்து பொலித்தீன் சுற்றிய இரண்டு தாள்களை எடுத்து, கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு நீட்டினார். இங்கிலாந்துப் பல்கலைக்கழகம் ஒன்று அனுப்பிய மின்னஞ்சலை நகரத்தில் அச்செடுத்திருந்தார்கள்.

"பையனுக்குக் கெம்பஸ் கிடைத்துவிட்டது சேர். எப்போது புறப்பட வேண்டும் என்று கேட்கத்தான் வந்தோம்."

முதல் தாளில் பையனின் பெயர், பாடநெறியின் பெயர், வாழ்த்து. இரண்டாம் தாளில் ஐந்து நிபந்தனைகள்: உயர்தரப் பரீட்சைப் பெறுபேற்றின் மூலப்பிரதி, ஆங்கிலத் தேர்வில் இன்ன புள்ளி, கடவுச்சீட்டு, ஒரு நேர்காணல், இன்ன திகதிக்கு முன் முற்பணம். பையன் முதல் தாளை மட்டும் வாசித்திருந்தான். அவனைக் குறை சொல்ல மாட்டேன். பதினெட்டு வயதில் என் கையில் அப்படி ஒரு தாள் வந்திருந்தால் இரண்டாம் பக்கத்தை நானும் திருப்பியிருக்க மாட்டேன்.

அன்று அந்த இருவருக்கும் இரண்டு மணி நேரம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சர்வதேச மாணவர் என்பவர் யார்

நம் இலங்கையில் அரச பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகிவிட்டால் கற்கைக்கட்டணம் என்ற பேச்சு கிடையாது. 1945இல் வந்த இலவசக் கல்வியின் பலன் அது. அதனால் பல்கலைக்கழகம் என்றதும் நமக்குப் புள்ளிதான் நினைவுக்கு வரும். உயர்தரப் பெறுபேற்றிலிருந்து கணக்கிடும் இசட் புள்ளி எவ்வளவு, வெட்டுப்புள்ளி எவ்வளவு என்பதோடு கேள்வி முடிந்துவிடும்.

கடல் கடந்தால் முதல் கேள்வியே வேறு. நீங்கள் அந்த நாட்டின் குடிமகன் இல்லை. அங்கே நிரந்தரமாகக் குடியேறியவரும் இல்லை. ஆகவே சர்வதேச மாணவர். இந்தப் பெயரோடு இரண்டு சங்கதிகள் சேர்ந்தே வருகின்றன. ஒன்று, உங்களுக்குக் கட்டணம் வேறு. இங்கிலாந்தில் உள்நாட்டு மாணவரிடம் 2025ஆம் கல்வியாண்டில் 9,535 பவுணுக்கு மேல் வாங்கக் கூடாது என்று அரசு உச்சவரம்பு வைத்திருந்தது. வெளிநாட்டு மாணவருக்கு அப்படி ஒரு வரம்பே இல்லை. பல இடங்களில் அதைப் போல இரண்டு மடங்கு கேட்கிறார்கள். இரண்டாவது, அங்கே தங்குவதற்கு விசா வேண்டும். விசாவைக் கொடுப்பது பல்கலைக்கழகம் இல்லை, அந்நாட்டு அரசு.

ஆகவே ஒரு பிள்ளை போய்ச் சேர மூன்று கேள்விகளைத் தாண்ட வேண்டும். படிக்கத் தகுதி இருக்கிறதா என்று பல்கலைக்கழகம் பார்க்கிறது. பணம் எங்கே என்று எல்லோரும் பார்க்கிறார்கள். படிக்கத்தான் வருகிறாயா என்று விசா அதிகாரி பார்க்கிறார். இந்த மூன்றில் மிக இலகுவானது முதலாவது. அதைச் சொன்னால் பலர் நம்புவதில்லை. நம் உயர்தரம் பிரித்தானிய முறையின் வழியில் வந்தது. மூன்று பாடங்களில் ஓரளவு நல்ல பெறுபேறு இருந்தால் இங்கிலாந்திலும் அவுஸ்திரேலியாவிலும் முதலாம் ஆண்டிலேயே சேர்க்கும் பல்கலைக்கழகங்கள் ஏராளம். தமிழ் மொழிமூலம் எழுதியது தடையில்லை. ஆங்கிலம் தெரியும் என்பதைத் தனியாக நிரூபிக்க வேண்டும், அவ்வளவுதான். அதற்குப் பெரும்பாலும் ஐ.ஈ.எல்.டி.எஸ். எழுதுவார்கள். ஒன்பது வரை புள்ளியிடும் தேர்வு அது. பட்டப்படிப்புக்கு ஆறு அல்லது ஆறரை கேட்பது வழக்கம். பெறுபேறு இரண்டு ஆண்டுகளுக்கு மட்டுமே செல்லும். ஆகவே உயர்தரம் எழுதிய கையோடு அவசரப்பட்டு எழுதிவிட்டுக் காத்திருக்க வேண்டாம்.

இரண்டு கடிதங்கள்

அந்தத் தகப்பன் கொண்டுவந்தது முதல் கடிதம். நிபந்தனைச் சலுகைக் கடிதம் என்று பெயர். "இவற்றை நிறைவேற்றினால் இடம் தருவோம்" என்பது அதன் பொருள். நிபந்தனைகள் நிறைவேறியதும் நிபந்தனையற்ற கடிதம் வரும். அதைக் கொண்டும் விசா கேட்க முடியாது. கட்டணத்தில் ஒரு பகுதியைக் கட்டி, பல்கலைக்கழகம் திருப்தியடைந்த பிறகு இன்னொரு ஆவணம் தரும். இங்கிலாந்தில் அதைக் காஸ் என்பார்கள், அவுஸ்திரேலியாவில் சி.ஓ.ஈ.; அமெரிக்காவில் ஐ-20. விசா அதிகாரி கேட்பது இதைத்தான். யாராவது "கடிதம் வந்துவிட்டது" என்றால், எந்தக் கடிதம் என்று கேளுங்கள்.

இனி, பணம்

இங்கேதான் நான் நிறைய நேரம் எடுத்துக்கொள்வேன். நாட்டைத் தெரிவுசெய்வதற்கு முன்பு, பாடத்தைத் தெரிவுசெய்வதற்கும் முன்பு, ஒரு கொப்பியில் இந்தக் கேள்வியை எழுதி வையுங்கள்: பணம் கட்டுவது யார்? விடை மூன்றுதான். நாம், ஓர் அரசாங்கம், அல்லது அந்தப் பல்கலைக்கழகம்.

நாமே கட்டுவதென்றால் எப்படியிருக்கும் என்பதற்கு, கட்டணமே இல்லை என்று பெயரெடுத்த நாட்டை எடுத்துக்கொள்வோம். ஜேர்மனியின் அரச பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் கற்கைக்கட்டணம் கிடையாது. ஒரு மாநிலம் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களிடம் அரையாண்டுக்கு 1,500 யூரோ வாங்குகிறது. "இலவசம்" என்ற சொல்லோடு இந்தச் செய்தி கைப்பேசி கைப்பேசியாகப் பரவுகிறது. ஆனால் விசா கேட்கும்போது, ஓராண்டு சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் உங்களிடம் பணம் இருக்கிறது என்று காட்ட வேண்டும். அதற்கான வழி, பணத்தைப் போட்டு முடக்கி வைக்கும் முடக்கக் கணக்கு. 2024 செப்டம்பரிலிருந்து அதில் போட வேண்டிய தொகை 11,904 யூரோ. அந்தப் பணம் உங்களுடையதுதான். ஜேர்மனிக்குப் போனதும் மாதம் 992 யூரோ வீதம் எடுத்துச் செலவழிக்கலாம். ஆனால் போவதற்கு முன்பு முழுத்தொகையும் அங்கே கிடக்க வேண்டும்.

அன்று மேசையில் கணக்குப் போட்டுக் காட்டினேன். ஒரு யூரோவை 350 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 41,66,400 ரூபாய். 2024 செப்டம்பரில் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய் ஆனது. மாதம் 25 நாள் முழுப்பேர், அதாவது முழுநாள் சம்பளம், விழுந்தால் 33,750 ரூபாய், வருடம் 4,05,000. கைக்காசு என்ற மேலதிகக் காசு, அரைநாள் சம்பளமான அரைப்பேர், மழையில் வேலை இல்லாத நாள் எதையும் கணக்கில் எடுக்கவில்லை. அப்படியும் ஒரு தொழிலாளி பத்து வருடத்துக்கும் மேல் ஒரு சதமும் செலவழிக்காமல் சேர்த்தால்தான் அந்த "இலவச" நாட்டின் முதலாம் ஆண்டுக்குப் பணம் காட்ட முடியும். தகப்பன் ஒன்றும் பேசவில்லை. பென்சிலை வாங்கி, பெருக்கல் சரிதானா என்று தானே ஒருமுறை போட்டுப் பார்த்தார்.

கடன் எடுக்கலாமே என்பார்கள். கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ ஒரு நடுத்தரக் குடும்பம் காணி உறுதியை வங்கியில் வைத்துக் கடன் வாங்கும். தோட்டத்து லய வீட்டுக்கு உறுதி ஏது? நான்கு தலைமுறையாக இருந்த வீடும் நம் பெயரில் இல்லை. வெளிநாட்டுப் படிப்பு நமக்கு எட்டாமல் போவதற்குப் பிள்ளைகளின் திறமையைக் காரணம் சொல்பவர்கள் இந்த ஓர் இடத்தைப் பார்ப்பதே இல்லை. அரசாங்கத்தின் வட்டியில்லாக் கல்விக் கடன் இருக்கிறதே என்றால், அது இலங்கையில் உள்ள அங்கீகரிக்கப்பட்ட அரசசார்பற்ற நிறுவனங்களில் பட்டம் படிப்பவர்களுக்கானது, வெளிநாட்டுக்குச் செல்லாது.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. செலவு டொலரிலும் பவுணிலும், வரவு ரூபாயில். 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபாய் சுற்றில் இருந்தது. மே மாதத்தில் 360 ரூபாய் அளவுக்குப் போனது. அப்போது வெளிநாட்டில் முதலாம் ஆண்டில் இருந்த பிள்ளைக்கு, அவன் ஒன்றுமே செய்யாமல், இரண்டாம் ஆண்டுக் கட்டணம் கிட்டத்தட்ட இரட்டித்துவிட்டது.

பகுதிநேர வேலை செய்து கட்டிவிடலாம் என்ற நம்பிக்கை பலமாக இருக்கிறது. இங்கிலாந்தில் தவணைக் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம், அவுஸ்திரேலியாவில் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம் என்று விசாவிலேயே எல்லை உண்டு. இங்கிலாந்தில் 18 முதல் 20 வயது வரையுள்ளவருக்குக் குறைந்தபட்சக் கூலியும் குறைவு. 2025 ஏப்ரலில் அது மணிக்கு 10 பவுண், 21 வயதானவருக்கு 12.21. நம் பையன் 19 வயதில் போகிறான். அந்தக் கூலியில் வேலை கிடைத்தால் வாரம் 200 பவுண் கையில் வரும். அது வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் போய்விடும். கட்டணத்தைத் தொடாது. இந்தியாவுக்குப் போனால் மாணவர் விசாவில் சம்பள வேலை என்ற பேச்சே இல்லை.

அடுத்தது, ஓர் அரசாங்கம் கட்டுவது. உண்மையான புலமைப்பரிசில் என்று நான் சொல்வது இதைத்தான். இந்திய அரசு இலங்கை மாணவருக்கு ஆண்டுதோறும் தரும் நேரு நினைவுப் புலமைப்பரிசிலும் ராஜீவ் காந்தி புலமைப்பரிசிலும் பட்டப்படிப்புக்கானவை. கட்டணம், தங்குமிடத்துக்கான படி, மாதாந்தப் படி என்று சேர்த்துத் தருகிறார்கள். அறிவித்தல் கல்வி அமைச்சு வழியாகவும் இந்திய உயர் ஸ்தானிகராலயம் வழியாகவும் வரும். நமக்குக் கண்டியிலேயே இந்திய உதவி உயர் ஸ்தானிகராலயம் இருக்கிறது. கொழும்புக்கு ஓடத் தேவையில்லை. ஜப்பான் அரசின் மெக்ஸ்ட் புலமைப்பரிசில் ஐந்து வருடம். முதல் வருடம் முழுவதும் ஜப்பானிய மொழி. ரஷ்ய அரசின் இடங்களும் அப்படியே, முதல் வருடம் ரஷ்ய மொழி. மொழி தெரியாதே என்று விண்ணப்பிக்காமல் இருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். மொழியை அவர்களே கற்றுத் தருகிறார்கள்.

மூன்றாவது, பல்கலைக்கழகமே கட்டுவது. அமெரிக்காவில் ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி., அம்ஹெர்ஸ்ட் போன்ற சில இடங்களில் வெளிநாட்டு மாணவரின் குடும்ப வருமானத்தைப் பார்த்து அனுமதி மறுப்பதில்லை. அனுமதித்த பின் குடும்பத்தால் கட்ட முடியாததைப் பல்கலைக்கழகம் கட்டுகிறது. கேட்க நன்றாக இருக்கும். நூறு பேர் விண்ணப்பித்தால் பத்துப் பேருக்கும் குறைவாகவே எடுக்கிறார்கள் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். முயல நினைப்பவருக்குக் கொழும்பில் உள்ள அமெரிக்க இலங்கை ஃபுல்பிரைட் ஆணைக்குழுவில் இலவச ஆலோசனை உண்டு.

பெண்பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு நான் தவறாமல் சொல்லும் ஓர் இடம் பங்களாதேஷின் சிட்டகொங்கில் இருக்கிறது. பெண்களுக்கான ஆசியப் பல்கலைக்கழகம். 2008இல் தொடங்கியது. மாணவிகளில் பெரும்பாலானோர் புலமைப்பரிசிலில் படிக்கிறார்கள். இலங்கைப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஆங்கிலம் பலவீனமாக இருந்தால் பட்டப்படிப்புக்கு முன் ஆயத்த வகுப்பு வைக்கிறார்கள். ஆடைத் தொழிற்சாலைகளிலும் தேயிலைத் தோட்டங்களிலும் இருந்து வரும் பெண்களுக்கென்று தனித் திட்டமே வைத்திருக்கும் பல்கலைக்கழகம் அது. லண்டன் என்று சொல்வது போல் சிட்டகொங் என்று சொல்லும்போது வாய் நிறைவதில்லை. பட்டம் பட்டம்தான்.

"3,000 பவுண் புலமைப்பரிசில்" என்று விளம்பரத்தில் வருவது வேறு வகை. கட்டணத்தில் கழிவு என்று வாசியுங்கள், குழப்பம் தீரும். 18,000 பவுணில் 3,000 கழிந்தால் மீதி 15,000. பவுண் 400 ரூபாய் என்றால் வருடத்துக்கு 60 லட்சம், படிப்புக்கு மட்டும். கழிந்ததைப் பார்த்து மகிழ்வதா, கழியாததைப் பார்த்து மலைப்பதா?

பெயரில் ஒரு எழுத்து

பணத்துக்கு அடுத்தபடியாக மலையகப் பிள்ளைகளை மறிப்பது அவர்களுடைய சொந்தப் பெயர். சிரிக்க வேண்டாம். என்னிடம் ஆங்கிலம் படித்த ஒரு மாணவியின் பிறப்புச் சான்றிதழை ஒருமுறை கையில் எடுத்தேன். தகப்பனின் பெயர் 'செல்வராஜ்' என்று அதில் இருந்தது. அடையாள அட்டையில் 'செல்வராஜா'. சாதாரணதரச் சான்றிதழில் அவளுடைய சொந்தப் பெயரில் 'லெட்சுமி'. பிறப்புச் சான்றிதழில் 'லக்சுமி'. தோட்டத்தில் பிறப்பைச் சொன்னவர் ஒருவர், அதை எழுதியவர் இன்னொருவர், அவருக்குத் தமிழ் தெரியாது, பிறகு பாடசாலையில் சேர்த்த ஆசிரியர் தனக்குச் சரியென்று பட்டதை எழுதினார். நம் ஊரில் இதெல்லாம் ஒரே ஆள்தான் என்று எல்லோருக்கும் தெரியும். விசா அதிகாரிக்கு மூன்று தாளில் மூன்று ஆட்கள்.

திருத்த வழி இருக்கிறது. பிறப்பு பதிவான பிரதேச செயலகத்தில் மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் விண்ணப்பித்துப் பிழையைத் திருத்தலாம். சிறிய வேறுபாடுகளுக்கு, இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று சத்தியக் கடதாசி முடித்துச் சிலர் சமாளிக்கிறார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை. ஒவ்வொரு அலுவலகத்திலும் அதே கதையைத் திரும்பச் சொல்ல வேண்டி வரும். கடவுச்சீட்டு எடுப்பதற்கு முன்பே மூலத்தைத் திருத்திவிடுவது நல்லது. கடவுச்சீட்டில் எப்படி இருக்கிறதோ, அப்படியேதான் பிறகு எல்லா விண்ணப்பத்திலும் எழுத வேண்டும். குடும்பப்பெயர் என்று கேட்கும் கட்டத்தில் தகப்பன் பெயரைப் போடுவதா, தன் பெயரைப் போடுவதா என்று தடுமாறும் இடத்திலும் அதே விதிதான்.

சிங்களத்திலோ தமிழிலோ உள்ள ஆவணங்களைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கிலத்துக்கு மாற்றி எடுக்க வேண்டும். சான்றுறுதிப்படுத்தல் கேட்கும் நாடுகளுக்கு வெளிநாட்டலுவல்கள் அமைச்சின் கொன்சியூலர் பிரிவு அதைச் செய்கிறது. கண்டியில் அதன் பிராந்திய அலுவலகம் இருக்கிறது. கடவுச்சீட்டையும் கண்டியில் எடுக்கலாம். முகவரியாகத் தோட்டத்தின் பெயரை மட்டும் கொடுப்பவர்கள், கடிதம் தோட்ட அலுவலகத்தில் எத்தனை நாள் கிடக்கும் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். நகரத்தில் கடை வைத்திருக்கும் சொந்தக்காரரின் முகவரி பல பிள்ளைகளைக் காப்பாற்றியிருக்கிறது.

முகவர்

கல்வி முகவர்கள் பலர் மாணவரிடம் பணம் வாங்குவதில்லை. இலவசம் என்கிறார்கள். பல்கலைக்கழகம் அவர்களுக்குத் தரகு கொடுக்கிறது என்பதுதான் விசயம். அதில் குற்றம் ஒன்றுமில்லை. ஆனால் தரகு தராத பல்கலைக்கழகத்தின் பெயரை அவர் வாயிலிருந்து நீங்கள் கேட்க மாட்டீர்கள். ஜேர்மனி, மெக்ஸ்ட், இந்தியப் புலமைப்பரிசில் எல்லாம் அவருடைய பட்டியலில் ஏன் இல்லை என்பதற்கு இதுவே பதில்.

குற்றம் வேறிடத்தில் நடக்கிறது. வங்கியில் பணம் காட்ட வேண்டும் என்றால், "நாங்கள் ஒரு மாதத்துக்குப் போட்டு எடுத்துத் தருகிறோம்" என்று வருகிறவர்கள் உண்டு. இங்கிலாந்து விசாவுக்குப் பணம் கணக்கில் தொடர்ந்து 28 நாள் இருக்க வேண்டும் என்ற விதியை வைத்து நடக்கும் வியாபாரம் அது. பணம் எங்கிருந்து வந்தது என்று அதிகாரி கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர் பிள்ளைதான். பொய் ஆவணம் கொடுத்தது தெரிந்தால் இங்கிலாந்து பத்து வருடத்துக்கு விசாவை மறுக்கும். அவுஸ்திரேலியாவில் 2025 ஜூலையிலிருந்து மாணவர் விசா விண்ணப்பக் கட்டணம் மட்டும் 2,000 அவுஸ்திரேலிய டொலர். மறுத்தாலும் திரும்பி வராது.

திரும்பி வந்தால்

திரும்பி வருவதைப் பற்றி யாரும் கேட்பதில்லை, இருந்தாலும் சொல்லிவைக்கிறேன். வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தை இங்கே பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்க வேண்டும். மருத்துவம் என்றால் இலங்கை மருத்துவ சபை அந்தப் பல்கலைக்கழகத்தை அங்கீகரித்திருக்க வேண்டும். திரும்பி வந்து சபையின் தகைமைத் தேர்விலும் சித்தியடைய வேண்டும். முற்பணம் கட்டும் முன்பு இதைப் பார்த்துவிடுங்கள். ஆறு வருடம் கழித்துப் பார்த்துப் பயனில்லை.

என் சொந்த அபிப்பிராயத்தைக் கேட்டால், பெரும்பாலான தோட்டக் குடும்பங்களுக்கு முதற்பட்டத்தை இங்கே முடித்துவிட்டு இரண்டாம் பட்டத்துக்குப் போவதே நல்லது என்பேன். அரச பல்கலைக்கழக அனுமதியில் பெரும்பாலான பாடநெறிகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கும் 55 வீதம் மாவட்டங்களுக்கும் போக, மீதி 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். நுவரெலியாவும் பதுளையும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளுக்கென்று இந்தியா 1940களிலேயே ஏற்படுத்திய கல்வி நம்பிக்கை நிதியம் இங்கே படிப்பவர்களுக்கு உதவுகிறது. முதுமாணி என்னும் அந்த இரண்டாம் பட்டத்துக்கு முழுச்செலவும் தரும் புலமைப்பரிசில்கள் பல: பிரித்தானியாவின் செவனிங், கொமன்வெல்த், அமெரிக்காவின் ஃபுல்பிரைட், ஐரோப்பிய ஒன்றியத்தின் ஈராஸ்மஸ் முண்டஸ். முதற்பட்டத்துக்கு அவ்வளவு கிடையாது. உயர்தரம் எழுதிவிட்டுப் பல்கலைக்கழக அனுமதிக்கு ஒரு வருடத்துக்கும் மேல் காத்திருப்பது பிள்ளைகளுக்குச் சலிப்புத்தான். அந்தச் சலிப்பில்தான் முகவரின் தொலைபேசி அழைப்பு வருகிறது.

அந்தப் பையன் இதற்கெல்லாம் என்ன சொன்னான் என்றால், ஒன்றும் சொல்லவில்லை. தகப்பன்தான், போகும்போது, பிறப்புச் சான்றிதழை எங்கே வைத்தோம் என்று அவனிடம் கேட்டார். பெட்டிக்கடியில் இருக்கும், அம்மாவுக்குத்தான் தெரியும் என்றான். இரண்டு தாளையும் மறுபடி பொலித்தீனில் சுற்றிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, பதினொன்றரை பஸ்ஸுக்கு ஓடினார்கள்.